ஜமுனாமரத்தூர் மலை ஏற க்ரெட்டா போதுமா? ஒரு குடும்ப எஸ்யூவியின் பலமும் பலவீனமும்

ஷோரூமில் நிற்கும்போது எல்லா காரும் நல்ல கார்தான். ஏசி குளிரில், டைல்ஸ் தரையில், விளக்கு வெளிச்சத்தில் எந்தக் குறையும் தெரியாது. டெஸ்ட் டிரைவ் என்று சொல்லி நாலைந்து கிலோமீட்டர் சமதளச் சாலையில் ஒரு சுற்று சுற்றவிடுவார்கள். காரில் ஓட்டுபவரும், சேல்ஸ் எக்ஸிகியூட்டிவும், பின்னால் வீட்டில் ஒருவரும் இருப்பார்கள். டிக்கி காலி. அந்தப் பத்து நிமிடத்தை நம்பி 15 லட்சம் ரூபாய்க்குக் கையெழுத்துப் போடுகிற குடும்பங்கள்தான் அதிகம்.

ஆனால், அந்தக் கார் உண்மையில் செய்யப்போகும் வேலை வேறு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. டிக்கி நிறையப் பை, தண்ணீர் கேன், சாப்பாட்டுக் கூடை. கோடை விடுமுறை. போகுமிடம் ஒரு மலை. அந்த மலை ஊட்டியாகவோ கொடைக்கானலாகவோ இருக்க வேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூரே ஒரு காரின் குணத்தைச் சொல்லிவிடும்.

சென்னையிலிருந்து ஆற்காடு, ஆரணி, போளூர் வழியாகப் போனால் சுமார் 200 கிலோமீட்டர். போளூர் வரை பெரிய சோதனை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு வரும் சுமார் 40 கிலோமீட்டரில்தான் மலை, காடு, வளைவு எல்லாம். பக்கத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். போளூர் சமவெளியிலிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல் காரை உயரே தூக்க வேண்டும். அதையெல்லாம்விட முக்கியம், அதே உயரத்திலிருந்து பத்திரமாக இறக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஹூண்டாய் க்ரெட்டாவை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. 2015 ஜூலையில் அறிமுகமானதிலிருந்து நடுத்தர எஸ்யூவி என்றாலே பல வீடுகளில் முதலில் அடிபடும் பெயர் இதுதான். 2024 பிப்ரவரிக்குள் இந்தியாவில் மட்டும் 10 லட்சம் க்ரெட்டாக்கள் விற்றிருந்தன. இன்னொன்று, இது நம் ஊர் கார். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. சென்னையிலிருந்து ஜமுனாமரத்தூருக்குக் கிளம்பும் குடும்பம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் தொழிற்சாலையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பிக்கப் எங்கே போச்சு?

க்ரெட்டாவில் மூன்று இன்ஜின்கள். மூன்றுமே 1.5 லிட்டர் என்பதால் வாங்குபவர்கள் குழம்பிவிடுகிறார்கள். மலையில் இந்த மூன்றும் மூன்று வேறு கார்கள்.

பெரும்பாலானோர் வாங்குவது சாதாரண பெட்ரோல் இன்ஜின். 115 பிஎஸ் பவர், 144 நியூட்டன் மீட்டர் டார்க். பவரைவிட டார்க்தான் மலையில் பேசும். காரை இழுத்துக்கொண்டு மேலே ஏறுகிற பலம் அது. இந்த பெட்ரோல் இன்ஜினில் அந்த பலம் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்ற வேண்டும். ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கியும் நிறைந்திருந்தால் கார் சுமார் 350 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கிறது. வளைவில் வேகம் குறைந்து, மூன்றாவது கியரில் மறுபடி மிதித்தால் கார் யோசிக்கும். இரண்டாவது கியருக்கு இறக்கினால்தான் நகரும். அப்போது இன்ஜின் சத்தம் கேபினுக்குள் நன்றாகவே கேட்கும். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத இன்ஜின் இன்னும் கொஞ்சம் பலம் இழக்கும்.

இதே இன்ஜின் ஐவிடி ஆட்டோமேட்டிக்கோடு வந்தால் நகரத்தில் சுகம். சிக்னலுக்கு சிக்னல் வெண்ணெய் மாதிரி நகரும். மலை ஏற்றத்தில் மட்டும் இன்ஜின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே இருக்க, கார் அந்தச் சத்தத்துக்கு ஏற்ற வேகத்தில் போகாது. இது ஹூண்டாயின் குறை மட்டுமல்ல, இந்த வகை கியர்பாக்ஸின் இயல்பு. தெரியாமல் வாங்கியவர்கள் முதல் மலைப் பயணத்தில் 'வண்டியில் ஏதோ பிரச்னை' என்று சர்வீஸ் சென்டருக்கு போன் செய்வது இதனால்தான்.

டீசல் இன்ஜின் வேறு ரகம். பவர் 116 பிஎஸ். பெட்ரோலுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லாத மாதிரி தெரியும். ஆனால், டார்க் 250 நியூட்டன் மீட்டர். அதுவும் 1,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. முன்னால் ஒரு அரசு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தால், அதன் பின்னாலேயே அலட்டாமல் ஏறலாம். அடிக்கடி கியர் மாற்றத் தேவையில்லை. மலையில் ஓட்டுபவருக்குக் களைப்பு குறைவது பெரிய விஷயம். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் தலையும் ஒவ்வொரு கியருக்கும் முன்னும் பின்னும் ஆடாது.

மூன்றாவது, டர்போ பெட்ரோல். 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர். ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால், விலை உயர்ந்த வேரியன்ட்களில்தான் கிடைக்கிறது. அதன் 7 ஸ்பீடு டிசிடி ஆட்டோமேட்டிக்கில் இருப்பது உலர் கிளட்ச். ஏற்றத்தில் டிராஃபிக் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே காரை நிறுத்தி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. உலர் கிளட்ச்சுக்கு அந்தப் பழக்கம் ஆகாது, சூடேறிவிடும்.

அப்படியென்றால் சாதாரண பெட்ரோல் க்ரெட்டா மலை ஏறாதா? தாராளமாக ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை போகிற சென்னைக் குடும்பத்துக்கு அது போதும். ஓவர்டேக் ஆசையை மட்டும் போளூரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இறங்கும்போதுதான் பரீட்சை

கார் விமர்சனங்கள் எல்லாமே ஏறுவதைப் பற்றிப் பேசும். இன்ஜின் திணறினால் கார் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் திணறினால் கதை வேறு.

இந்த இடத்தில் க்ரெட்டாவுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். 2024 மாடலிலிருந்து விலை குறைந்த வேரியன்ட்டிலும் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வருகிறது. இதே விலையில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக் கொடுக்கும் கார்கள் இன்னும் இருக்கின்றன. டிஸ்க் பிரேக் சூட்டைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடும். கார் நிலை தடுமாறினால் பிடித்து நிறுத்த உதவும் இஎஸ்சி, ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்பும்போது பின்னால் உருளாமல் சில விநாடி பிடித்துக்கொள்ளும் ஹில் அசிஸ்ட் இரண்டும் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. புதிதாகக் கார் ஓட்டக் கற்றவர்களுக்கு ஹில் அசிஸ்ட் எவ்வளவு பெரிய தைரியம் என்பது, வளைவில் பின்னால் லாரி ஒட்டி நின்ற அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

ஆனால், எந்த பிரேக்கும் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறும். சூடேறினால் பிடிப்பு குறையும். 'ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்' என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். குறைந்த கியரில் இன்ஜினே காரை இழுத்துப் பிடிக்கும். டீசலும், மேனுவல் கியரும் இதில் கொஞ்சம் கெட்டி. ஆட்டோமேட்டிக்கில் 'டி'யிலேயே விட்டுவிட்டு இறங்குவதுதான் பலர் செய்யும் தப்பு. லிவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டு, மூன்று என்று கியரைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். க்ரெட்டாவில் அந்த வசதி இருக்கிறது. வாங்கி மூன்று வருடமாகியும் அதைத் தொட்டுப் பார்க்காத ஓனர்கள் நிறைய. மைலேஜ் கிடைக்கும் என்று நியூட்ரலில் உருட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்போது காரைப் பிடித்து நிறுத்த பிரேக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை.

2025 ஜனவரியில் வந்த க்ரெட்டா எலெக்ட்ரிக் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் காரைப் பிடித்து இழுத்து, அந்தச் சக்தியை பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். ஏறும்போது செலவான சார்ஜில் ஒரு பங்கு இறங்கும்போது திரும்பி வரும். ஆனால், மலைக்கு மேலே சார்ஜர் இருக்கும் என்று நம்பிக் கிளம்பாமல், கீழே வேலூரிலோ திருவண்ணாமலையிலோ ஏற்றிக்கொண்டு போகிற திட்டம் இருந்தால்தான் நிம்மதி.

பஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது?

க்ரெட்டாவின் அகலம் 1.79 மீட்டர், கண்ணாடிகளைச் சேர்க்காமல். ஒரு பஸ்ஸின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். இரண்டையும் கூட்டினால் 4.29 மீட்டர். ஒருவழித் தடச் சாலைக்கான இந்திய அளவு 3.75 மீட்டர். கணக்கு உதைக்கிறது. வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஏறும் காட்டுப்பாதை மாதிரியான குறுகலான இடங்களில் எதிரே பஸ் வந்தால், காரின் இடது பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். சாலை விதிப்படி மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்க வேண்டும். இந்த விதி தெரியாதவர்கள்தான் ஹெட்லைட்டை அடித்துக்கொண்டே இறங்கி வருகிறார்கள்.

தார் விளிம்பில் இறங்கி ஏறும்போது கிரவுண்ட் கிளியரன்ஸ் முக்கியம். க்ரெட்டாவுக்கு 190 மில்லி மீட்டர். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களுக்கும், சாதாரணக் குண்டு குழிகளுக்கும் இது போதும். ஆனால், ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் பின்பக்கம் இறங்கும். அந்த 190 அப்போது 190 இல்லை. போட்டியாளர்களில் ஹோண்டா எலிவேட்டுக்கு 220, மாருதி கிராண்ட் விட்டாராவுக்கு 210.

இதில் ஒரு வேடிக்கை. மலைக் கிராமங்களில் அதிகம் பார்க்க முடிகிற மஹிந்திரா பொலிரோவின் கிளியரன்ஸ் 180தான். க்ரெட்டாவைவிடக் குறைவு! பிறகு எப்படி அது போகாத இடமெல்லாம் போகிறது? அதன் உடல் தனி இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. பம்பர் கீழே தொங்காது. இடித்தாலும் பட்டி பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். க்ரெட்டாவின் பம்பரில் கல் தட்டினால் அப்படி மறந்துவிட முடியாது.

க்ரெட்டா முன்சக்கர இயக்கம் கொண்ட கார். எவ்வளவு பணம் கொடுத்தாலும் நான்கு சக்கர இயக்கம் கிடைக்காது. ஆட்டோமேட்டிக் மாடல்களில் 'ஸ்னோ, மட், சேண்ட்' என்று மூன்று டிராக்‌ஷன் மோடுகள் உண்டு. அதைப் பார்த்துவிட்டு இது ஜீப் மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. சறுக்கும் சக்கரத்தைக் கட்டுப்படுத்த மின்னணு முறையில் கொடுக்கும் உதவி மட்டுமே அது. ஏற்றத்தில் காரின் எடை பின்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்களின் பிடி குறையும். மழை பெய்து ஈரமான மண் சரிவில் அவை சும்மா சுற்றுவதைப் பார்க்கலாம். ஜமுனாமரத்தூர் ஊர் வரை, படகு விடும் ஏரி வரை, காவலூர் வரை தார்ச் சாலை. அதுவரை க்ரெட்டா ராஜா. அங்கிருந்து உள்ளே பிரியும் மண்பாதைகளில், மழைக்காலத்தில், உள்ளூர்க்காரர்களின் பிக்கப் வண்டிதான் ராஜா.

அதனால் மலையிலேயே வேலை, மலையிலேயே வீடு என்று இருக்கும் குடும்பத்தின் கணக்கு, சுற்றுலா வரும் குடும்பத்தின் கணக்கிலிருந்து மாறும். அவர்களுக்குக் கார்தான் அவசரத்துக்கு ஆம்புலன்ஸ். பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ ராத்திரியில் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் வேண்டியது அலுங்காத பின் சீட்டும், நம்பி இறங்கக்கூடிய பிரேக்கும். அந்த இரண்டும் க்ரெட்டாவில் இருக்கின்றன. வீட்டு வாசல் வரை தார்ச் சாலை இருக்கிறதா என்பதுதான் மீதிக் கேள்வி.

பின் சீட்டில் யார்?

வாங்குவது அப்பாவாக இருந்தாலும், காரின் உண்மையான நீதிபதிகள் பின் சீட்டில்தான் இருக்கிறார்கள். முட்டி வலி உள்ள பாட்டிக்கு க்ரெட்டா உயரம் சரி. குனிந்து உள்ளே விழ வேண்டாம், தாவி ஏறவும் வேண்டாம். நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். ஏசி பின்னாலும் வருகிறது. சீட்டை இரண்டு நிலையில் சாய்க்கலாம். மேல் வேரியன்ட்களில் ஜன்னலுக்குத் திரை உண்டு; சித்திரை வெயிலில் ஆரணி ரோட்டில் அதன் அருமை தெரியும்.

இரண்டு பேருக்கு அது சோபா. மூன்றாவது ஆள் பெரியவராக இருந்தால் தோள் இடிக்கும். மூவருக்கும் மூன்று முனை சீட் பெல்ட் உண்டு என்பது நல்ல விஷயம். குழந்தைகள் சீட் மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கியும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவர்கள்தான் குறைவு. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஏர்பேக் விரியும் வேகத்துக்கு முன்னால் மடியில் இருக்கும் குழந்தைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

அடுத்து, வாந்தி. மலைப் பயணத்தில் எல்லாக் குடும்பங்களும் சந்திக்கிற, எந்த விமர்சனமும் எழுதாத விஷயம். க்ரெட்டாவின் சஸ்பென்ஷன் மென்மையான பக்கம். குண்டு குழியில் அது வரம். வளைவுக்கு மேல் வளைவு வரும்போது கார் கொஞ்சம் சாயும். போனைப் பார்த்துக்கொண்டே வரும் பிள்ளைக்கு வயிறு புரட்ட அது போதும். ஸ்கோடா குஷாக் மாதிரியான கார்கள் வளைவில் இன்னும் விறைப்பாக நிற்கும். பதிலுக்கு பள்ளங்களைக் கொஞ்சம் அதிகமாகத் தெரியப்படுத்தும். எது வேண்டும் என்பது வீட்டைப் பொறுத்தது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக் போடாமல் ஓட்டுகிற டிரைவர் இருந்தால் எந்தக் காரிலும் பாதி வாந்தி குறையும்.

டிக்கி 433 லிட்டர். இரண்டு நாள் பயணத்துக்கு ஐந்து பேரின் பைகள் அடங்கும். திரும்பி வரும்போதுதான் பிரச்னை. ஜவ்வாது மலைக்குப் போய்விட்டுச் சாமை, தேன், புளி வாங்காமல் யார் திரும்புகிறார்கள்? சீசனில் இரண்டு பலாப்பழமும் சேர்ந்துவிட்டால் ஒரு பை பாட்டியின் காலடிக்கு வந்துவிடும். எதை வேண்டுமானாலும் காலடியில் வையுங்கள், பின் கண்ணாடியை ஒட்டிய பலகையில் மட்டும் வைக்காதீர்கள். சடன் பிரேக்கில் அது நேரே தலைக்கு வரும்.

சன்ரூஃபுக்கா, நட்சத்திரத்துக்கா?

க்ரெட்டாவின் மீது வைக்க வேண்டிய கடுமையான கேள்வி இதுதான். 2022 ஏப்ரலில் வெளியான குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அப்போதைய க்ரெட்டா பெரியவர்கள் பாதுகாப்பில் 3 நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்பிலும் 3 நட்சத்திரம்தான் வாங்கியது. சோதித்தது 2 ஏர்பேக் மட்டும் இருந்த மாடல். அதே ஆண்டு அக்டோபரில், கொஞ்சம் கடுமையாக்கப்பட்ட விதிகளின்படி நடந்த சோதனையில் குஷாக்கும் ஃபோக்ஸ்வாகன் டைகுனும் இரண்டு பிரிவிலும் 5 நட்சத்திரம் வாங்கின.

அதன் பிறகு ஹூண்டாய் சும்மா இருக்கவில்லை. 2024 ஜனவரியில் வந்த க்ரெட்டாவில் 6 ஏர்பேக்குகள் எல்லா வேரியன்ட்டிலும் வந்தன. உடற்கூட்டை வலுப்படுத்தியிருப்பதாகவும் நிறுவனம் சொன்னது. ஏர்பேக் எண்ணிக்கை வேறு, மோதலில் கூடு நசுங்காமல் நிற்பது வேறு. இப்போது பாரத் என்கேப் என்று நம் நாட்டுக்கே ஒரு சோதனை முறை இருக்கிறது. எந்த நடுத்தர எஸ்யூவி வாங்கினாலும், வாங்கும் அன்று அந்த மாடலுக்கு நட்சத்திரம் இருக்கிறதா, எத்தனை என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

மேல் வேரியன்ட்களில் 'அடாஸ்' வருகிறது. ரேடாரும் கேமராவும் சேர்ந்து முன்னால் போகும் வண்டியைப் பார்த்து பிரேக் போடும், கோட்டை விட்டு விலகினால் ஸ்டீயரிங்கைத் திருத்தும். பெங்களூரு நெடுஞ்சாலையில் நல்ல துணை. மலையில் கோடே இல்லாத சாலையில் அது எதைப் பார்த்துத் திருத்தும்? அங்கே உதவுவது 360 டிகிரி கேமராதான். ஒதுங்கும்போது இடது சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று காட்டும்.

சன்ரூஃப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் கேட்பதால்தான் பல வீடுகளில் அடுத்த வேரியன்ட்டுக்குத் தாவுகிறார்கள். மரக்கிளைகள் தாழ்ந்திருக்கும் காட்டுச் சாலையில், ஓடுகிற காரில், பிள்ளைகள் அதன் வழியே தலையை நீட்டி நின்றால், ஒரு பிரேக் போதும். அதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் கொடுப்பதைவிட, அதே பணத்தில் நல்ல இன்ஜினுக்கு மாறுவது எவ்வளவோ மேல்.

ஆன் ரோடு அதிர்ச்சி

ஷோரூம் விலை சுமார் 11 லட்சத்தில் தொடங்கி 20 லட்சத்தைத் தொடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியதில் இந்த ரகத்துக்கு 40 சதவீதம். நான்கு மீட்டருக்குள் நீளமும், சிறிய இன்ஜினும் இருந்தால் 18 சதவீதம்தான். க்ரெட்டா 4.33 மீட்டர். அந்த 33 சென்டிமீட்டருக்கும் பெரிய இன்ஜினுக்கும் கொடுக்கும் வரி அது.

தமிழ்நாட்டுச் சாலை வரி இன்னொரு பக்கம். 2023 நவம்பர் முதல், 10 லட்சத்துக்குள் 13 சதவீதம் என்றால் 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 12 லட்சம் ரூபாய் காருக்குச் சாலை வரி மட்டுமே 2.16 லட்சம். இன்ஷூரன்ஸ் தனி.

டீசலுக்கு மாறினால் அதே வேரியன்ட்டில் சுமார் ஒன்றரை லட்சம் அதிகம். சான்றளிக்கப்பட்ட மைலேஜ், மேனுவலில், பெட்ரோலுக்கு 17.4, டீசலுக்கு 21.8. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு மிச்சமாவது சுமார் ஒன்றரை ரூபாய். கூடுதல் விலையையும் அதற்கான வரியையும் மீட்க ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டும் வீட்டுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல்! தினமும் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆபீஸுக்கு மட்டும் ஓட்டினால் டீசல் காரின் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டு வேறு செலவு வைக்கும். ஆகவே, பணம் மிச்சமாகும் என்று டீசல் வாங்க வேண்டாம். சொந்த ஊர் மலையில் இருக்கிறது, மாதம் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும் என்றால் வாங்கலாம். அந்த ஒன்றரை லட்சம் இழுவைக்கும் நிம்மதிக்கும் கொடுக்கும் விலை.

மற்ற கார்களில், மண்பாதை அதிகம் என்றால் 'ஆல்-கிரிப்' நான்கு சக்கர இயக்கம் உள்ள கிராண்ட் விட்டாராவைப் பார்க்கலாம். ஆனால், அதன் பெட்ரோல் இன்ஜின் 103 பிஎஸ்தான், ஏற்றத்தில் க்ரெட்டா பெட்ரோலைவிடப் பொறுமை வேண்டும். அதன் ஹைபிரிட் மாடல் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று சான்றிதழ் வைத்திருக்கிறது. பேட்டரி டிக்கியில் இடத்தைத் தின்றுவிடுவதால் 265 லிட்டர்தான் மிச்சம். பலாப்பழத்துக்கு இடமில்லை. எலிவேட்டில் டிக்கி பெரிது, உயரமும் நன்று, டீசல் கிடையாது. இந்த ரகக் காரைத் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பழக்கியது ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர். 2012-ல் வந்து 2022-ல் நின்றது. மலைப்பாதையில் அதன் பழைய ஓனர்களிடம் க்ரெட்டாவைப் பற்றிக் கேட்டால் ஒரு பெருமூச்சு நிச்சயம்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேரையும் ஏற்றுங்கள். பக்கத்தில் மலை இல்லாவிட்டால் ஒரு மேம்பாலத்தைக் கேளுங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, மறுபடி கிளம்பிப் பாருங்கள். திரும்பி வந்ததும் டிக்கியின் தரையைத் தூக்கி ஸ்டெப்னியைப் பாருங்கள். 17 இன்ச் அலாய் வீல் உள்ள க்ரெட்டாவிலும் உள்ளே இருப்பது 16 இன்ச் இரும்பு வீல். மலையில் பஞ்சரானால் அதை மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் போளூர் வரை இறங்க வேண்டும். ஜாக்கி எங்கே இருக்கிறது, எப்படி மாட்டுவது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.